மிச்சம் ஐந்து வரி

மயான அலுவலக எழுத்தர் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு கையை முழுதாக நீட்டித் தூரத்தில் பிடித்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"இது என்னங்க?"

"டாக்டர் குடுத்த சர்டிபிகேட்," என்றார் மாமா.

"அது தெரியுது. எழுத்து எங்க இருக்கு?"

"இருக்குங்க. கொஞ்சம் உத்துப் பாத்தீங்கன்னா..."

"உத்துப் பாத்து உத்துப் பாத்துத்தாங்க இந்தக் கண்ணாடியே வந்துச்சு. எறும்பு வரிசையா போற மாதிரி இருக்கு. நான் இதுலேருந்து பேரு, நேரம், காரணம் மூணையும் ரிஜிஸ்டர்ல ஏத்தணும். மூணா எட்டான்னு தெரியாம எழுதிட்டா நாளைக்கு அலையப்போறது நீங்கதான்." அவர் தாளை மேசைமேல் வைத்து மாமாவின் பக்கம் தள்ளினார். குரல் தணிந்தது. "அஞ்சு மணிதான் உங்க நேரம். மூணுக்குள்ள பெரிய எழுத்துல கொண்டாந்துடுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

சின்னவள் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அந்தத் தாளை அன்று காலை வீட்டுப் பிரிண்டரில் எடுத்தவள் அவள்தான். வெள்ளைத் தாளின் மேல்பாதியில் பொடி எழுத்து, அதற்குக் கீழே ஒன்றுமில்லாத வெள்ளை. அந்த எறும்பு வரிசையை அவள் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். பத்தொன்பது நாளைக்கு முன்னால்.

வெளியே வந்ததும் மாமா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "உங்கப்பாவோட மெயிலுக்கே அனுப்பிவெச்சிருக்கானுங்க பாரு. செத்தவரே எழுந்து வந்து தன் சர்டிபிகேட்டைத் தானே பிரிண்ட் எடுத்துக்குவாருன்னு நெனச்சுட்டானுங்க போல." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகப்போனதும் இருமி மறைத்தார்.

அவளுடைய போன் அதிர்ந்தது. அக்காவிடமிருந்து செய்தி. 'நாலு மணிக்கு வந்துடுவேன்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நேற்று விடியற்காலை அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று அம்மா வந்து எழுப்பினாள். அப்போது வந்தது அழுகை. இப்போது வருவது பயம்.

அப்பா தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்ப்பவராக இருந்தார். இருபத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய், வாசலோரக் குழியின் மூடியைத் தூக்கி, பாசி பிடித்த கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, உள்ளே ஓடும் பொடி எண்களை நோட்டில் குறித்தவர். சட்டைப்பையில் எப்போதும் பொத்தானை அமுக்கினால் எரியும் ஒரு சின்ன லென்ஸ் இருக்கும். ஒரு வீடு முடிந்ததும் நோட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். "மழை வரும், நாய் துரத்தும், யாராவது கூப்பிட்டு ஊர்க்கதை பேசுவாங்க. திரும்பி வந்தா எங்க விட்டோம்னு தெரியணும்ல," என்பார்.

பிறகு தானாகவே கணக்கை அனுப்பும் மீட்டர்கள் வந்தன. குழிக்குள் யாரும் குனிய வேண்டியதில்லை. அந்த மீட்டர்களைப் பொருத்தும் கம்பெனியில் அக்கா வேலைக்குச் சேர்ந்தாள், அப்பாவிடம் சொல்லாமல். கம்பெனிச் சட்டையோடு ஒருநாள் வந்து நின்றபோதுதான் வீட்டுக்கே தெரிந்தது.

"என் சோத்துல மண்ணள்ளிப் போடுற கம்பெனிலயே போய்ச் சேந்தியா?" என்று கேட்டார் அப்பா. "அங்கயே இரு. இந்த வாசலை மிதிக்காத."

அக்கா மிதிக்கவில்லை. மூன்று வருஷம். அம்மாவிடமும் சின்னவளிடமும் போனில் பேசுவாள். அப்பா பக்கத்தில் இருந்தால் அம்மா "ம்", "சரி", "சாப்பிட்டேன்" என்று மட்டும் பேசுவாள். அது யாருடைய போன் என்று அப்பாவுக்கும் தெரியும். எழுந்து உள்ளே போய்விடுவார். இதற்கிடையில் சர்க்கரை அவருடைய கண்ணுக்குள் இறங்கியது. இதயத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி. போன் திரையைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால் அக்கா அப்பாவுக்கு மெயில் அனுப்பினாள்.

"சின்னது, அதைப் பிரிண்ட் எடு," என்றார் அப்பா. "நீ படிக்காத. எடுத்துக் குடு, போதும்."

எடுத்துக் கொடுத்தாள். அவர் தாளை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பினார். சாய்த்தார். "மீட்டர் பாத்த கண்ணுக்கே இது ஆட்டம் காட்டுதே. கொஞ்சம் பெருசா வருமா?"

அவள் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினாள். திரை நிறைய அக்காவின் எழுத்துகள் வந்தன. தாளில் மறுபடியும் அதே எறும்புகள். இன்னொரு முறை. மூன்றாவது முறை பிரிண்டர் தாளைக் கடித்துக்கொண்டது. அவளுக்கு மறுநாள் பரீட்சை.

"பிரிண்டர் பழசுப்பா. நான் வேணா படிச்சுக் காட்டவா?"

"வேணாம். இது எனக்கு வந்தது."

"அப்ப பரீட்சை முடியட்டும். சரி பண்ணித் தரேன்."

"அவசரமில்ல. நீ படி."

அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை. பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகியும் கேட்கவில்லை. அவளுக்கும் மறந்துபோயிற்று. மறந்துபோயிற்று என்றுகூடச் சொல்ல முடியாது. ஞாபகம் வரும், நாளைக்கு என்று தோன்றும்.

மெயில் வந்த பன்னிரண்டாம் நாள் அக்கா அவளுக்குச் செய்தி அனுப்பினாள். 'அப்பா என் மெயிலைப் படிச்சாரா? என்ன சொன்னார்?' அவள் அப்போது தோழிகளோடு நின்றிருந்தாள். இன்னும் பெரிதாக எடுத்துக் கொடுக்கவில்லை என்று சொன்னால் திட்டு விழும். இரண்டே நொடியில் பதில் அனுப்பினாள். 'படிச்சிட்டார். ஒண்ணும் சொல்லல.'

அக்காவிடமிருந்து பதில் வரவில்லை. நல்லவேளை, திட்டவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெராக்ஸ் கடையில் ஓர் அம்மாள் இருந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து, காதில் சொருகிய பேனா. சின்னவள் அப்பாவின் மெயிலைத் திறந்து டாக்டர் அனுப்பியதைக் காட்டினாள். கடைக்காரம்மா பிரிண்ட் எடுக்கப்போவது போலப் போய், தாள் எப்படி வரும் என்று காட்டும் பெட்டியைத் திரையில் நிறுத்தினாள்.

"கீழ பாரு. என்ன இருக்கு?"

"ஆஸ்பத்திரி படம்."

"விளம்பரப் படம். பேப்பரை விட ரெண்டு மடங்கு அகலம். மிஷினுக்கு என்ன தெரியும்? படத்தோட ஓரம் வெட்டுப்படக் கூடாதுன்னு மொத்தத்தையும் சுருக்கி உள்ள தள்ளுது. படத்தோட சேந்து எழுத்தும் சுருங்கிடுது. எழுத்து சின்னதில்லம்மா. படம்தான் பெருசு."

"திரைல பெருசாக்கிப் பாத்தேன். அப்பவும் வரல."

"அது உன் கண்ணுக்குப் பெருசாகும். பேப்பருக்கு இங்க சொல்லணும்." பெட்டியின் ஓரத்தில் இருந்த ஒரு வரியை விரலால் தட்டினாள். "பக்கத்துக்குள்ள அடக்குன்னு இருக்கா? அதை எடுத்துட்டு நூறுன்னு போடு. படம் பாதி வெட்டுப்படும். படட்டுமே, ஆஸ்பத்திரி விளம்பரத்தை யாரு கேட்டா?"

எழுத்து சட்டென்று ஊதிப் பெருத்தது. அவ்வளவுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அட, இவ்ளோதானா!" என்றார் மாமா. "இதுக்குப் போய் அந்த ஆளு எறும்பு, கரையான்னு என்னென்னமோ சொன்னானே."

சின்னவள் சர்டிபிகேட்டை மாமாவிடம் கொடுத்தாள். "நீங்க போய்க் குடுத்துடுங்க மாமா. நான் வீட்டுக்குப் போறேன்." அவர் வண்டியைக் கிளப்பிப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு மறுபடி உள்ளே போனாள்.

"இன்னொரு மெயில் இருக்கு. நானே எடுக்கலாமா?"

அக்காவின் மெயிலைத் திறந்தாள். கீழே போனாள். இருந்தது. நீல நிறத்தில், பக்கத்தை விட அகலமாக, புது மீட்டரின் படம். ஒரு குடும்பம் அதைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அக்கா ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து எழுதியதால் எல்லா மெயிலுக்கும் அடியில் தானாகவே ஒட்டிக்கொள்ளும் படம்.

நூறு என்று போடவில்லை. நூற்றைம்பது போட்டாள். மிஷின் நான்கு தாள்களைத் துப்பியது. கடைசித் தாள் மேலே கிடந்தது. படிக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்தது, பார்த்தாலே படித்ததாகிவிட்டது.

'நான் வரலாமா? வான்னு ஒரு வார்த்தை சின்னவகிட்ட சொன்னா போதும். நீங்க படிச்சும் ஒண்ணும் சொல்லலைன்னா, வர வேணாம்னு புரிஞ்சுக்கறேன். அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்ப்பா.'

கடைக்காரம்மா கேட்டாள். "என்னம்மா, சரியா வந்துச்சா?"

"வந்துச்சு."

வீடு வரை நடந்தாள். வழியெல்லாம் ஒரே யோசனை. அக்காவிடம் வேறொன்று சொல்லிவிடலாம். அப்பா வரச் சொன்னார், நான்தான் பரீட்சை மும்முரத்தில் சொல்ல மறந்துவிட்டேன் என்று. திட்டு விழும். அறைகூட விழலாம். ஆனால் அக்காவுக்கு ஒரு 'வா' கிடைக்கும். அப்பாவைக் கேட்டு யாரும் சரிபார்க்க முடியாது. கேட்டைத் திறக்கும்போது அதுதான் சரி என்று முடிவு செய்திருந்தாள்.

கூடத்தில் அப்பா கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள் இருந்தார். குளிரில் மூடியின் மேல் பனி படிய, அம்மா அவ்வப்போது அதைக் கைத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்துக்கு நேராக மட்டும்.

"அவரு கண்ணாடியை எடுத்துட்டு வா," என்றாள் அம்மா. "அது இல்லாம யாரோ மாதிரி இருக்காரு."

கண்ணாடிக் கூடு அப்பாவின் அறையில், ஜன்னலோர மேசையில் இருந்தது. சரியாக மூடாமல் வாய் பிளந்திருந்தது. திறந்தாள். கண்ணாடிக்குக் கீழே லென்ஸ். விரல் நகம் அளவுக்குத் தேய்ந்த பென்சில். எட்டாக மடித்த ஒரு தாள்.

பிரித்தாள். அவள் முதலில் எடுத்துக் கொடுத்த அதே எறும்புத் தாள். மடிப்புகளில் நைந்திருந்தது. இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பென்சில் புள்ளிகள்.

முதல் புள்ளி மூன்றாவது வரிக்குப் பக்கத்தில். அடுத்தது ஆறாவது வரிக்கு. நடுவில் இரண்டு வரிக்கொன்றாக வந்தன. அதற்கும் கீழே வரிக்கு ஒரு புள்ளி. அவள் விரலை வைத்து எண்ணினாள். பதினாறு. லென்ஸை எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. கடைசிப் புள்ளி நின்ற வரியைப் படித்தாள்.

'நான் செஞ்ச வேலை தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணலப்பா. உங்ககிட்ட சொல்லாம செஞ்சது தப்பு.'

அதற்கப்புறம் ஐந்து வரி. புள்ளி இல்லை.

அவள் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தாள். "அம்மா, அப்பா ஜன்னல்கிட்ட உக்காந்து ஏதாவது படிப்பாரா?"

"காலைல வெயில் விழும்ல, அப்ப ஒரு தாளை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. நீ ஸ்கூலுக்குப் போனதுக்கப்புறம். இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்கன்னு கேட்டா, 'ரவுண்டு போறேன்'னாரு. பழைய ஞாபகத்துல ஏதோ உளர்றாருன்னு விட்டுட்டேன்." அம்மா மூடியைத் தூக்கி அவருக்குக் கண்ணாடியை மாட்டினாள். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தது. சரிசெய்தாள். "ஒரு பத்து நிமிஷம்தான் உக்காருவாரு. அதுக்குள்ள கண்ணுல தண்ணியா வரும். நேத்தும் அங்கதான் போய் உக்காந்தாரு. இன்னும் வெளிச்சமே வரலியேன்னேன். 'வரட்டும், இருக்கேன்'னாரு."

நாலு மணிக்குச் சற்று முன்பு அக்கா வந்தாள். தூரத்து ஊரில் வேலையில் இருந்தவள், சேதி கேட்டதும் அப்படியே கிளம்பி வந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. கேட்டுக்கு வெளியிலேயே அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றாள். காலை எடுத்து வைக்கவில்லை.

மாமாதான் சத்தம் போட்டார். "ஏம்மா அங்கயே நிக்கிற? உன் வீடு. உள்ள வா."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையை மட்டும் அசைத்தாள். அக்கா படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தாள். அதை மாமா கவனிக்கவில்லை. சின்னவள் கவனித்தாள்.

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகம் கழுவ வேண்டும் என்று சொல்லி உள்ளே போனாள். சின்னவள் பின்னாலேயே போய் அவளை அப்பாவின் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுடி."

"இப்பவே சொல்லணும்."

அக்கா திரும்பினாள். சின்னவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கின் நுனியிலேயே இருந்தது. அப்பா உன்ன வரச் சொன்னார்க்கா. நாலே சொல். ஆனால் மேசையில் அந்தத் தாள் விரிந்தபடியே கிடந்தது. பதினாறு புள்ளிகளோடு.

"நான் பொய் சொல்லிட்டேன். அப்பா படிச்சிட்டாருன்னு உனக்கு அனுப்பினேன்ல. அவரு படிச்சாரான்னே அப்ப எனக்குத் தெரியாது. எழுத்து ரொம்பப் பொடியா வந்துச்சு. பெருசா எடுத்துத் தரேன்னேன், எடுத்துத் தரல. நீ திட்டுவேன்னு பயந்து அப்படி அனுப்பிட்டேன். மெயில்ல நீ என்ன கேட்டிருந்தேன்னு எனக்குத் தெரியாதுக்கா. இன்னிக்குத்தான் தெரியும்."

அக்கா தோள் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"அன்னிக்கு நான் பஸ் ஸ்டாண்டுல இருந்தேன்," என்றாள் பிறகு. "பையை எல்லாம் கட்டிக்கிட்டு. அவரு பதில் சொல்ற வரைக்கும் பொறுக்க முடியல. எதுக்கும் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஏறலாம்னு நெனச்சேன்."

சின்னவளுக்கு அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. அக்கா அடிக்கவில்லை. அவளைத் தாண்டி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன?"

"அப்பாவோட கண்ணாடிக் கூட்டுல இருந்துச்சு."

அக்கா தாளை எடுத்தாள். ஓரத்துப் புள்ளிகளைப் பார்த்ததும் யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லீவு நாளில் அப்பாவோடு ரவுண்டு போய், குழி மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். விரலை முதல் புள்ளியில் வைத்தாள். மெல்லக் கீழே இறக்கினாள். புள்ளிகள் நெருங்க நெருங்க விரலும் மெதுவாகியது.

"இவ்ளோ பொடி எழுத்தையா..." என்றாள்.

விரல் கடைசிப் புள்ளியில் நின்றது. அங்கேயே வெகுநேரம் இருந்தது.

கதவுக்கு வெளியே மாமாவின் குரல் கேட்டது. "வண்டி வந்துடுச்சும்மா. அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான், அந்த எழுத்தர் கறாரான ஆளு."

"அஞ்சு நிமிஷம் மாமா," என்றாள் அக்கா. லென்ஸை எடுத்துக்கொண்டாள்.

"பெருசா எடுத்ததும் இருக்குக்கா," என்று சின்னவள் நான்கு தாள்களை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை.

கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். மூடியில் பனி படிந்திருந்தது. அம்மா துணியை எடுப்பதற்குள் அக்கா கட்டைவிரலாலேயே அதைத் துடைத்தாள். பிறகு தாளை மடியில் விரித்து, லென்ஸை வைத்துக் குனிந்தாள். உதடுகள் அசைந்தன. பக்கத்தில் நின்ற சின்னவளுக்கே கேட்காத அளவுக்கு மெல்லிய குரல். லென்ஸின் வெளிச்சம் நடுவில் அணைந்தது. அவள் பொத்தானை மறுபடி அமுக்கி, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, மேலே படித்தாள். வாசலில் வண்டிக்காரர் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். மாமா அவரைக் கைகாட்டி நிறுத்தினார்.

ஐந்து வரிக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று.

அக்கா நிமிரவில்லை. தாளின் மேல் கண்ணை வைத்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"அந்தப் பென்சிலைக் குடு."